தோண்டாமல் சீரமைக்கும் கழிவுநீர்க் குழாய்: லைனரை இறுகச் செய்யும் கியூரிங் முறைகளுக்கான முழுமையான வழிகாட்டி

சாலையைத் தோண்டாமல் பழைய பாதாளச் சாக்கடைக் குழாயைச் சீரமைக்கும் முறைகளுள் பரவலாகக் கையாளப்படுவது சிஐபிபி (இடத்திலேயே இறுகச் செய்யப்படும் குழாய்) எனப்படும் முறையாகும். ரெசின் எனும் பிசின் ஊறிய, லைனர் எனப்படும் ஒரு துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, அதை உள்ளிருந்து அழுத்திச் சுவரோடு ஒட்டவைத்து, அங்கேயே இறுகச் செய்தால், பழைய குழாய்க்குள் இணைப்புகளற்ற ஒரு புதிய குழாய் உருவாகிவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த பொறியாளர் எரிக் வுட் 1971ஆம் ஆண்டு கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில், செங்கல்லால் கட்டப்பட்ட முட்டைவடிவச் சாக்கடை ஒன்றில் இதை முதன்முதலாகச் செய்து காட்டினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1977இல் வழங்கப்பட்டது.

மற்ற குழாய்கள் தொழிற்சாலையில் உருவாகி, சோதிக்கப்பட்டு, அதன் பிறகே மண்ணுக்குள் இறங்குகின்றன. சிஐபிபி குழாயோ மண்ணுக்குள்தான் உருவாகிறது. அதன் வலிமையைத் தீர்மானிக்கும் கட்டம் கியூரிங், அதாவது ரெசினை இறுகச் செய்தல். லைனர் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், ரெசின் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், அந்தச் சில மணி நேரத்தில் குழாயின் மிகக் குளிர்ந்த இடம் போதிய வெப்பத்தைப் பெறாவிட்டால், குழாயின் உறுதி அந்த ஓர் இடத்தின் உறுதியளவே நிற்கும். ஆகவே கியூரிங்கை மேற்பார்வை செய்பவர் பாய்லரின் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. லைனரின் வெளிப்பக்கம், பழைய குழாயைத் தொடும் அடிப்பகுதி என்ன வெப்பநிலையில் இருக்கிறது என்பதையே அவர் கவனிக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த ஒரு கேள்வியை நோக்கியே செல்கிறது.

ரெசின் எவ்வாறு இறுகுகிறது

பெரும்பாலான கழிவுநீர் லைனர்களில் பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ரெசின் பயன்படுகிறது. ரெசினுக்குள் கரைந்திருக்கும் ஸ்டைரீன் என்ற வேதித் திரவம், பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இந்தப் பிணைப்பைத் தொடங்கிவைக்க வெப்பமுறையில் பெராக்சைடுகள் சேர்க்கப்படுகின்றன. வழக்கமாக இரண்டு பெராக்சைடுகள் சேர்ப்பார்கள்: ஒன்று குறைந்த வெப்பநிலையில் சிதைந்து வினையைத் தொடங்கும், மற்றொன்று உயர்ந்த வெப்பநிலையில் சிதைந்து எஞ்சிய ரெசினை முழுமையாக இறுக்கும். முதல் பெராக்சைடு மட்டும் வேலை செய்து, இரண்டாவதற்குத் தேவையான வெப்பம் கிடைக்காமல் போனால், லைனர் கைக்குக் கெட்டியாகவே தெரியும். ஆனால் அதன் வளைவு உறுதி (வளைக்கும்போது முறியாமல் தாங்கும் திறன்) வடிவமைப்பில் கணக்கிட்ட அளவை எட்டியிருக்காது. தட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது இதனால்தான் ஆபத்தானது.

வினை தொடங்கியதும் ரெசின் தானாகவே வெப்பத்தை வெளியிடும். லைனரின் வெளிப்பக்க வெப்பமானி வேகமாக ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். இந்த வெப்ப உச்சம் பதிவானால் அந்த இடத்தில் வினை நடந்திருக்கிறது என்று பொருள். பதிவாகாவிட்டால், காரணம் தெரியும் வரை அடுத்த கட்டத்திற்குச் செல்லக் கூடாது.

முதல் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

சுடுநீர், நீராவி, புற ஊதா ஒளி, சுற்றுப்புற வெப்பம் என நான்கு முறைகள் உள்ளன. விட்டம் பெரிதாகவும் சுவர் தடிமனாகவும் நிலத்தடி நீர் அதிகமாகவும் இருக்கும் குழாய்களுக்குச் சுடுநீரே நம்பகமானது. நிரம்பியிருக்கும் நீர், குழாயின் முழுச் சுற்றளவையும் ஒரே சீராகத் தொடுகிறது. நடுத்தர விட்டமும் நல்ல சரிவும் உள்ள குழாயில், நீர் கிடைப்பது கடினமான இடத்தில், நீராவி விரைவாக வேலையை முடிக்கும். கண்ணாடி இழை லைனரும் அதற்கான கருவிகளும் கைவசம் இருந்தால் புற ஊதா முறை மிகத் துல்லியமான கட்டுப்பாட்டைத் தருகிறது. வீட்டு இணைப்புகள், குறுகிய ஒட்டுப்பகுதிகள் ஆகியவற்றுக்குச் சுற்றுப்புற வெப்பமே போதும். செலவை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பது, குறிப்பாகத் தொட்டிபோல் பள்ளம் விழுந்து நீர் தேங்கும் குழாய்க்கு நீராவியைத் தேர்ந்தெடுப்பது, பின்னால் வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு விதையாகிறது.

இரண்டாம் படி: கியூரிங்கைக் காக்கும் முன்னேற்பாடுகள்

குழாயை உயர் அழுத்த நீரால் கழுவி, சிசிடிவி கேமராவை ஓட்டி, ஒவ்வொரு வீட்டு இணைப்பின் தூரத்தையும் கோணத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேல் மேன்ஹோலை அடைத்து, வரும் கழிவுநீரைப் பம்பு மூலம் கீழ் மேன்ஹோலுக்குத் திருப்பிவிட வேண்டும். விரிசல்கள் வழியாக நிலத்தடி நீர் பீய்ச்சி அடித்தால், அதை முதலில் ரசாயனக் கலவை செலுத்தி நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் அந்தக் குளிர்ந்த நீர் லைனரின் முதுகில் ஓடி, வெப்பத்தைத் தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நிறுத்த முடியாத இடங்களில் லைனருக்கு முன்பாக ஒரு பிளாஸ்டிக் உறையைச் செலுத்துவது வழக்கம்.

தெருவாசிகளிடம் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கியூரிங் முடியும்வரை நீரை வெளியேற்ற வேண்டாம் என்பது முதலாவது. யாராவது ஒரு வாளி நீரைக் கொட்டினாலும், அது இணைப்பின் வாயில் லைனருக்குப் பின்னால் தேங்கி, சரியாக அந்த இடத்தில் லைனரைக் குளிர்விக்கும், அல்லது உள்நோக்கி ஒரு புடைப்பை உண்டாக்கும். குளியலறையிலும் சமையலறையிலும் உள்ள, நீர் தேங்கி வாடையைத் தடுக்கும் வளைகுழாய்களான ட்ராப்களில் முன்கூட்டியே நீர் ஊற்றி வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நீண்ட நாள் பயன்படாத குளியலறையின் ட்ராப் காய்ந்துவிட்டால், ஸ்டைரீன் வாடை நேராக வீட்டுக்குள் ஏறும்.

மூன்றாம் படி: ரெசின் ஊட்டுதலும் கொண்டுவருதலும்

லைனரிலுள்ள காற்றை வெற்றிடப் பம்பால் உறிஞ்சி எடுத்தபடி ரெசினை ஊட்டி, இடைவெளி அளந்து வைக்கப்பட்ட உருளைகளுக்கிடையே அதைச் செலுத்துவார்கள். ரெசின் இறுகும்போது சுருங்குவதையும், ஒரு பகுதி பழைய குழாயின் விரிசல்களுக்குள் புகுவதையும் ஈடுகட்ட, 5 முதல் 10 சதவீதம் கூடுதல் ரெசின் சேர்க்க வேண்டும் என்று ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப் 1216 தரநிலை கூறுகிறது. பெராக்சைடு கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே வெப்பமுறை லைனர்கள் பனிக்கட்டியோடு அல்லது குளிரூட்டிய வண்டியில் வர வேண்டும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையோரம் நிற்கும் வண்டியில் இந்தக் கவனம் இருமடங்கு தேவை. லைனர் மடிப்பின் நடுப்பகுதியில் வெப்பம் சேரத் தொடங்கினால் வினை தன்னைத் தானே முடுக்கிக்கொள்ளும், பிறகு அதை நிறுத்த வழியில்லை. வண்டி வந்ததும் லைனரின் வெப்பநிலையை அளந்து எழுதிய பிறகே இறக்க அனுமதிக்க வேண்டும்.

நான்காம் படி: லைனரைச் செலுத்துதலும் வெப்பமானிகளைப் பொருத்துதலும்

சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவதுபோல, நீரின் அல்லது காற்றின் அழுத்தத்தால் லைனரைத் திருப்பித் திருப்பி உள்ளே செலுத்துவது ஒரு வழி. விஞ்ச் எனும் இழுவை இயந்திரத்தால் இழுத்து வைத்துப் பிறகு ஊதி விரிப்பது மற்றொரு வழி. எதுவாயினும் ஒரே நிபந்தனை: லைனர் முழுக்க இறுகும்வரை உள் அழுத்தம் குறையக் கூடாது. நீர்த்தம்பத்தின் உயரம் 5 மீட்டர் என்றால் அழுத்தம் ஏறத்தாழ 0.49 பார். குறைந்தபட்ச அழுத்தம், அதிகபட்ச அழுத்தம் இரண்டையும் லைனர் தயாரிப்பாளர் எழுத்தில் தந்திருக்க வேண்டும். குறைந்தால் லைனர் சுவரை விட்டு விலகும். கூடினால் நீண்டு சுவர் மெலியும்.

தெர்மோகப்பிள்களை (கம்பிவடிவ வெப்பமானிகளை) லைனருக்கும் பழைய குழாய்க்கும் இடையில், அடிப்பகுதியில், மேல் மேன்ஹோல், கீழ் மேன்ஹோல் இரண்டிலும், இடையில் மேன்ஹோல்கள் இருந்தால் அவற்றிலும் வைக்க வேண்டும். கம்பி, மேன்ஹோலின் திறந்த வாயிலிருந்து குறைந்தது முன்கை நீளம் உள்ளே செல்ல வேண்டும். வாயோரத்திலேயே வைத்தால் அது காற்றின் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். குழாயின் உச்சியான கிரீடப் பகுதியில் வைத்த வெப்பமானி எப்போதும் இனிமையான எண்ணைத்தான் தரும், ஏனெனில் வெப்பம் மேலே சேரும். குளிர்ந்த நீரும் படிவும் அடியில்தான் இருக்கும். அடிப்பகுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி (அ): சுடுநீர் கியூரிங்

பாய்லரிலிருந்து வரும் சுடுநீர், லைனரின் மறுமுனை வரை செல்லும் தட்டையான ஹோஸ் வழியாகப் போய், அங்கிருந்து குழாய் நெடுகத் திரும்பி வர வேண்டும். ஹோஸ் கடைசி வரை செல்லாவிட்டால் கடைசிச் சில மீட்டர்களில் நீர் அசையாமல் தேங்கும்.

பாய்லர் போதுமா என்பதை வேலைக்கு முந்தைய நாளே கணக்கிட்டுவிடலாம். 300 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் ஏறத்தாழ 7,070 லிட்டர் நீர் கொள்ளும். அதை 28 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த 427 கிலோவாட்-மணி வெப்பம் தேவை. 500 கிலோவாட் பாய்லர் இருந்தால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். மண்ணும் பழைய குழாயும் நிலத்தடி நீரும் உறிஞ்சும் வெப்பத்தைச் சேர்த்தால் நேரம் இன்னும் நீளும். விட்டம் 600 மில்லிமீட்டர் ஆனால் நீர் நான்கு மடங்கு. அதே பாய்லருக்கு இழப்பின்றியே மூன்றரை மணி நேரம் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் சிறிய பாய்லரோடு வரும் குழு, மாலையில் 65 டிகிரியில் நின்றுகொண்டு "இறுகிவிட்டது சார்" என்று சொல்லும். ஒப்புக்கொள்ளக் கூடாது.

வெப்பத்தைச் சீராக ஏற்றி, முதல் பெராக்சைடு வேலை செய்யும் வெப்பநிலையை, பொதுவாக 60 டிகிரியை ஒட்டி, அடைந்ததும் வெளிப்பக்க வெப்பமானிகள் அனைத்திலும் வெப்ப உச்சம் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு நீரை 80 டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுபோய், ரெசின் தயாரிப்பாளர் சொன்ன மணி நேரம் அங்கேயே நிறுத்த வேண்டும். மணி நேரத்தை எண்ணத் தொடங்குவது நீர் 80 டிகிரியைத் தொட்ட நொடியிலிருந்து அல்ல. மிகக் குளிர்ந்த வெப்பமானி அதற்குக் குறித்த அளவைத் தொட்ட நொடியிலிருந்து.

குளிர்வித்தல்தான் மிக அதிகமாக அவசரப்படுத்தப்படும் கட்டம். சுடுநீர் முறையில் லைனர் 38 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும் என்று எஃப் 1216 சொல்கிறது. மேலிருந்து குளிர்ந்த நீரை மெதுவாகச் சேர்த்தபடி, கீழிருந்து அதே அளவு வெளியேற்றி, அழுத்தத்தைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். நீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் லைனருக்குள் வெற்றிடம் உண்டாகி, சூடாகவும் மென்மையாகவும் இருக்கும் சுவர் உள்நோக்கி மடியலாம். குளிரும்போது லைனர் நீளவாக்கிலும் சுருங்குகிறது. சூடாக இருக்கும்போதே வீட்டு இணைப்புகளை வெட்டித் திறந்தால், திறப்பு பிறகு இணைப்பின் வாயிலிருந்து நகர்ந்துவிடும்.

ஐந்தாம் படி (ஆ): நீராவி கியூரிங்

நீராவியின் வேகத்திற்குக் காரணம் எளியது. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. ஒரு கிலோ சுடுநீர் 20 டிகிரி குளிரும்போது விடுவது வெறும் 84 கிலோஜூல். குழாயை நீரால் நிரப்ப வேண்டியதில்லை, பிறகு அத்தனை நீரையும் குளிர்விக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் வெப்பத்தை விட்ட நீராவி நீராகிக் குழாயின் அடியில் ஓடுகிறது. குழாயில் தொய்வு இருந்தால் அங்கே அது குளமாகத் தேங்கி, மேலே ஓடும் நீராவிக்கும் அடிச்சுவருக்கும் இடையே ஒரு தடுப்பாகிவிடும். மேற்சுவர் முழுதாக இறுகியிருக்க, அடியில் ஓர் அடி அகலத்துக்கு ரெசின் மெழுகுபோல் நிற்பது இப்படித்தான். ஆகவே நீராவியை மேல் மேன்ஹோலிலிருந்து கீழ்நோக்கிச் செலுத்தி, கீழ் முனையின் அடிப்பகுதியில் வடிகால் வாய் பொருத்தி, தேங்கும் நீர் தொடர்ந்து வெளியேறுவதை உறுதிசெய்ய வேண்டும். தொய்வு எங்கே என்பது சிசிடிவி படத்தில் ஏற்கெனவே தெரிந்திருக்கும்; நீர் தேங்கிய இடங்களைப் பார்த்த மறுகணமே இந்த முறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

தொடக்கத்தில் காற்றையும் நீராவியையும் கலந்து செலுத்தி, வெளியேறும் முனையின் வெப்பநிலை மெல்ல ஏறுமாறு விகிதத்தை மாற்ற வேண்டும். காற்றுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. நீராவியைத் திடீரென நிறுத்தினால் அது சுருங்கி அழுத்தம் விழுந்துவிடும் என்பதால், காற்றழுத்த இயந்திரம் கடைசிவரை ஓட வேண்டும். இம்முறையில் 45 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே அழுத்தத்தை விடுவிக்கலாம். இடையில் பாய்லர் நின்றுபோனால் பாதி இறுகிய லைனரோடு மாட்டிக்கொள்வோம்; மாற்று ஏற்பாடு இல்லாமல் நீராவியைத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

ஐந்தாம் படி (இ): புற ஊதா கியூரிங்

இங்கே மற்ற முறைகளின் ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திய) துணிக்குப் பதில் கண்ணாடி இழை பயன்படுகிறது. ஒளி சுவரை ஊடுருவிச் செல்ல வேண்டும் என்பதே காரணம். பெராக்சைடுக்குப் பதில் ஒளியால் தூண்டப்படும் பொருள் ரெசினில் இருக்கிறது. லைனரின் வெளியுறை ஒளியைத் தடுப்பதால், இருட்டில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் மேன்ஹோல் வாயில் உறை கிழிந்தால் வெயிலே கியூரிங்கைத் தொடங்கிவிடும். தார்பாய்க் கூரை கட்டாயம்.

லைனரை இழுத்து வைத்து, முனைகளை அடைத்து, காற்றழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சற்றுக் காத்திருந்து, கண்ணாடி இழைகள் சுவரோடு படிய நேரம் தர வேண்டும். பிறகு விளக்குத் தொடரை உள்ளே செலுத்தி, அதன் முன்னுள்ள கேமராவால் லைனரை முழுவதும் பார்க்க வேண்டும். மடிப்போ சுருக்கமோ தெரிந்தால் சரிசெய்யக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இதுதான். வேறெந்த முறையிலும் இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை என்பதே புற ஊதா முறையின் பெரிய பலம் என்பது என் கருத்து.

விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, குறித்த வேகத்தில் தொடரை இழுக்க வேண்டும். வேகம், விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் விளக்கின் திறனையும் பொறுத்தது; தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ளதைத் தவிர வேறு எண்ணை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. நிமிடத்திற்கு 1 மீட்டர் என்றால் 100 மீட்டர்க் குழாய்க்கு 100 நிமிடம். வேகத்தைக் கூட்டினால் உட்பக்கம் கல்லாகவும் வெளிப்பக்கம் ஈரமாகவும் இருக்கும். விளக்கை எரியவிட்டபடி நிறுத்தினால் லைனரின் உட்பக்கத்தை மூடும் உள்ளுறையும் ரெசினும் கருகும். தொடரில் உள்ள அகச்சிவப்பு உணரிகள் லைனரின் உட்பக்க வெப்பநிலையை மட்டுமே காட்டுகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

விளக்குகளின் திறன் எரியும் மணி நேரத்தோடு குறைகிறது. கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் விளக்கு, தேவையான புற ஊதாக் கதிரைத் தராமல் இருக்கலாம். கதிர் அளவியால் அளந்த பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். நடுவழியில் ஒரு விளக்கு அணைந்தால், மீதமுள்ள விளக்குகளுக்கு அட்டவணையில் சொல்லப்பட்ட வேகத்துக்கு உடனே குறைக்க வேண்டும்.

ஐந்தாம் படி (ஈ): சுற்றுப்புற வெப்பத்தில் இறுகுதல்

வீட்டு இணைப்புகளிலும் ஓரிரு மீட்டர் ஒட்டுகளிலும் பெரும்பாலும் எப்பாக்சி அல்லது சிலிக்கேட் ரெசினை இரு பகுதிகளாகக் கலந்து, பலூன் போன்ற பேக்கரால் அழுத்திப் பிடித்து, தானாக இறுகவிடுவார்கள். கலந்ததிலிருந்து பொருத்தும் வரையான நேரம் வெயிலில் சுருங்கிவிடும். 10 டிகிரி கூடினால் அது ஏறத்தாழப் பாதியாகும் என்பது நடைமுறை விதி. நிழலில் கலந்து, கலந்த நேரத்தை எழுதி, வாளியில் மிஞ்சிய ரெசினைத் தொட்டுப் பார்க்காமல், குறித்த நேரம் முழுவதும் பேக்கரை விட்டுவைக்க வேண்டும். வாளியில் திரண்டிருக்கும் ரெசின், குளிர்ந்த குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக இருக்கும் ரெசினைவிட முன்னதாகவே இறுகிவிடும்.

ஆறாம் படி: ஸ்டைரீனும் மனிதர்களும்

வேலை நடக்கும் இடத்தில் எழும் வெண்புகையை வெறும் நீராவி என்று சொல்லி ஒதுக்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அதில் ஸ்டைரீன் உள்ளிட்ட கரிமப் பொருள்களும் நுண்துளிகளும் கலந்திருப்பதைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவில் வைத்தது. ஆகவே வெளியேற்று முனையை வீட்டுச் சன்னல்களுக்கும் பள்ளிக்கும் எட்டாத உயரத்துக்கும் திசைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். அருகில் நிற்பவர்களுக்குக் கரிமவாயுக்களுக்கான வடிகட்டியுள்ள முகக்கவசம் தர வேண்டும், துணி முகமூடி இதற்கு உதவாது.

இறுகாத லைனருக்குள் எக்காரணம் கொண்டும் ஆளை அனுப்பக் கூடாது. மேன்ஹோலுக்குள் இறங்க வேண்டிய தேவை வந்தால் ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, எரிவாயு அளவு மூன்றையும் அளந்து, காற்றோட்டம் தந்து, உயிர்க்கயிறும் ஆளைத் தூக்கும் முக்காலிச் சட்டமும் வைத்த பிறகே இறங்க வேண்டும். உரிய பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. லைனர் வேலை என்பதால் அதற்கு விலக்கு கிடையாது.

கியூரிங் நீரிலும் நீராவி வடிநீரிலும் ஸ்டைரீன் கரைந்திருக்கும். அது மீன்களுக்கு நஞ்சு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சாலையடி நீர்வழிகளில் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தபோது, வேலை முடிந்த பிறகும் நீரில் ஸ்டைரீன் இருப்பது பதிவானது. மழைநீர் வடிகாலிலோ ஏரியிலோ இதைத் திறந்துவிடாமல், சுத்திகரிப்பு நிலைய நிர்வாகத்தின் அனுமதி பெற்று, குளிர்ந்த பிறகு கழிவுநீர்க் குழாயிலேயே விட வேண்டும்.

ஏழாம் படி: சோதனையும் தீர்ப்பும்

நடு மேன்ஹோலில் அல்லது முனையில், அதே விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டுக்குள் லைனரைச் செலுத்தி, அது இறுகிய பிறகு வெட்டியெடுத்த துண்டே சோதனை மாதிரி. தொழிற்சாலையில் தனியாக இறுக்கிய தகட்டை ஏற்கக் கூடாது. அது நம் மண்ணின் குளிரைச் சந்திக்கவில்லை. எஃப் 1216 கேட்கும் குறைந்தபட்ச அளவுகள்: வளைவு மீள்மை (வளையாமல் எதிர்க்கும் விறைப்பு) 1,724 மெகாபாஸ்கல், வளைவு உறுதி 31 மெகாபாஸ்கல். கண்ணாடி இழை லைனர்களுக்கு இதைவிட மிக உயர்ந்த மதிப்புகளை வடிவமைப்பில் எடுத்துக்கொள்வார்கள். அந்த வடிவமைப்பு மதிப்போடுதான் முடிவை ஒப்பிட வேண்டும்.

மாதிரி தேறினாலும் வெப்பநிலைப் பதிவைத் தனியே படிக்க வேண்டும். ஏதேனும் ஒரு வெப்பமானியில் உச்சமே இல்லாத தட்டையான கோடு இருந்தால், கேமராவை அந்த இடத்துக்கு அனுப்பி, புடைப்பு, நிறமாற்றம், உள்ளுறை தளர்வு ஆகியவற்றைத் தேட வேண்டும். நீர் இன்னும் உள்ளே இருக்கும்போதே இது தெரியவந்தால் மீண்டும் சூடேற்றலாம். அதனால்தான் பதிவை மறுநாள் அலுவலகத்தில் அல்ல, பாய்லர் நிற்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

மதிப்பு சற்றே குறைந்தால் உடனே பிடுங்கி எறிய வேண்டும் என்பதில்லை, கணக்கிட வேண்டும். வெளி நீரழுத்தத்தில் நொறுங்காமல் நிற்கும் திறன், மீள்மைக்கு நேர் விகிதத்திலும் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு நிகராகவும் மாறுகிறது. மீள்மை 10 சதவீதம் குறைந்தால் திறன் 10 சதவீதம் குறையும். தடிமன் 10 சதவீதம் குறைந்தால் 27 சதவீதம் போய்விடும். அளந்த தடிமன் வடிவமைப்பைவிடக் கூடுதலாக இருந்தால், குறைந்த மீள்மையை அது ஈடுகட்டக்கூடும்; அப்போது பொறியாளர் கையெழுத்திட்ட மறுகணக்கோடு ஏற்கலாம். கேமராவில் மென்மையான பகுதி கண்டுபிடிக்கப்பட்டால் மறுகணக்குக்கே இடமில்லை. அந்தப் பகுதியை ரோபோ கட்டரால் வெட்டி நீக்கி, இருபுறமும் நல்ல லைனரின் மேல் படியுமாறு குறுகிய ஒட்டு வைத்து, அந்த ஒட்டின் கியூரிங்கையும் இதே பதிவேட்டில் எழுதிய பிறகே குழாயில் கழிவுநீரைத் திறந்துவிட வேண்டும்.